ஒன்றரை அங்குலம்

படுக்கையறைச் சுவர் மூன்று மாதமாக வியர்த்தது.
வெள்ளையடித்தோம். மறுபடியும் வியர்த்தது.
பூச்சுப் பொருமி, ஒரு நள்ளிரவில்
உள்ளங்கை அகலத் துண்டொன்று
தலையணையில் விழுந்த பிறகுதான்
லயனல் பாஸைக் கூப்பிட்டது.

அவர் சுவரில் காதை வைத்தார்,
பக்கத்து வீட்டுச் சண்டையை
ஒட்டுக் கேட்பவர் போல,
வாயைச் சற்றே திறந்தபடி.

"இந்தக் குழாய் எதால போகுது, நோனா?"
தெரியாது.
வீட்டை விற்றவருக்கும் தெரியாது.
கட்டியவர் கனத்தையில்.
ஈரத்துக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது.

"உடைச்சுத் தேடினா அறையே போயிரும்.
உள்ள இருக்கிறத மூடி விடுவம்.
வெளியால எடுப்பம்."

வெளியால் என்றால் மேற்குச் சுவர்.
மேற்குச் சுவர் எங்களுடையது.
அதிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி,
குழாய் நிற்கப்போகும் காற்று
மிஸிஸ் காசிச்செட்டியுடையது.
கொட்டாஞ்சேனையில் இது சின்ன விஷயமில்லை.
இந்த ஒழுங்கையில்
மாவிலை விழுந்ததற்கு ஒரு வழக்கு நடக்கிறது,
பதினாறாவது வருடமாக.

ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு போனேன்.
பழத்தை வாங்கி வைத்தார்.
எழுந்து வந்து சுவரைப் பார்த்தார்,
தன் குசினி ஜன்னலைப் பார்த்தார்,
விரலை மடக்கி அளந்தார்.
"தண்ணீர்தானே" என்றார்.
நான் தயாரித்துப் போன ஏழு நியாயங்களும்
வாயிலேயே நின்றன.

இரண்டு நாள் வேலை. பதினொரு கிளாம்ப்.
பசை டப்பாவின் மூடியைப் பல்லால் திறக்கும்
ஒரு பெடியன்.
லயனல் பாஸ் எந்தக் கிளாம்பையும்
முழுக்க முறுக்கவில்லை.
"வெயிலுக்கு இதுவும் நீளும், நோனா.
இறுக்கினா வளைஞ்சிரும். கொஞ்சம் ஆடட்டும்."
கூலியில் மட்டும் ஆட்டம் இருக்கவில்லை.

இப்போது பகல் மூன்று மணிக்குப் பைப்பைத் திறந்தால்
தேத்தண்ணிக்குப் பாதி கொதித்த தண்ணீர்.
பள்ளியால் வந்த மகன் கை கழுவித் துள்ளுகிறான்.
முதல் வாளியை ஆற வைக்கப் பழகிவிட்டோம்.
கடற்காற்றுக்கு ஆணிகள்
இரண்டாம் மாதமே சிவந்தன.
கீழே, நாலாவது கிளாம்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்,
காசிச்செட்டி வீட்டுப் பாத்திரத் துணி காய்கிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காற்று அவருடையது.

ஒரு காலை, ஜன்னலுக்குள்ளிருந்து:
"ராத்திரி மூன்று மணிக்குக் குளித்தீர்கள்."
கேள்வியல்ல.

சுவருக்குள் ஓடியவரை
எங்கள் தண்ணீருக்குச் சத்தம் இருக்கவில்லை.
கசிந்தாலும் எங்கள் தலையணையில்தான் கசிந்தது.
இப்போது நாங்கள் ஊற்றும் ஒவ்வொரு வாளியும்
தூக்கம் குறைந்த ஒரு பெண்ணின்
காதுக்குப் பக்கத்தால் இறங்குகிறது.

சொல்லலாம், துறைமுகத்தில் இரவு முறை,
வரதன் வர நேரமாகிவிட்டது என்று.
நாலு இரவாக வரதன் வரவேயில்லை என்பதை
மகனிடமும் சொல்லியிருக்கவில்லை.

"புழுக்கம்" என்றேன்.
அவர் துணியைப் புரட்டிப் போட்டார்.
"ஓம், புழுக்கம்தான்.
முந்தாநாளும்."

அன்றிரவும் எழும்பினேன்.
மெல்லத்தான் திறந்தேன், நூலளவு,
வாளியின் விளிம்போடு வழியவிட்டு.
கீழே குசினி விளக்கு எரிந்தது.
கேத்தல் மூடியின் சத்தம்.
யாரும் கூப்பிடவில்லை.

பைப்பை மூடினேன்.
விளக்கு அணையவில்லை.
வெறுங்காலோடு நின்றேன்.
பிறகு, குளிக்க ஒன்றுமில்லாமலே,
இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.
மாத முடிவில் பில் வரும்,
வரட்டும்.